தூண்பாறையில் மஞ்சள் மூடுபனி

கொடைக்கானலில் சீசன் களைகட்டினால் ஏரிச் சாலையில் சாக்லேட், யூகலிப்டஸ் தைலம், கம்பளித் தொப்பி வியாபாரத்துக்கு நடுவே இன்னொன்றும் சூடுபிடிக்கிறது. செல்போனில் உள்ள படத்தைக் கொடுத்தால் டிஷர்ட்டில் பதித்துத் தருகிறார்கள். நான் போய் நின்றது இரண்டு பேர் நின்றாலே நிறைந்துவிடும் கடை. ஒரு இங்க்ஜெட் பிரிண்டர், ஒரு ஹீட் பிரஸ், அலமாரியில் திருப்பூரிலிருந்து வந்த டிஷர்ட் கட்டுகள். முதலீடு அவ்வளவுதான்.

மதுரையிலிருந்து வந்த குடும்பம் ஒன்று, தூண்பாறை முன் எடுத்த படத்தை நீட்டியது. மகனுக்கு மஞ்சள் டிஷர்ட்டில் வேண்டுமாம். கடைக்காரர் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார்.

“மஞ்சள்ல போட்டா பாறைக்குப் பின்னாடி இருக்கிற பனியும் மஞ்சளாத்தான் சார் தெரியும். வெள்ளை எடுத்துக்குங்க.”

அவர் சொன்னதில்தான் இந்தத் தொழிலின் அரிச்சுவடி இருக்கிறது. சாதாரண இங்க்ஜெட் பிரிண்டரில் வெள்ளை மை கிடையாது. படத்தில் வெள்ளையாக உள்ள இடத்தில் மையே விழாது. அங்கே துணியின் நிறம்தான் தெரியும். படத்தைத் துணிக்கு மாற்றும் டிரான்ஸ்பர் பேப்பரில், வெளிர்நிறத் துணிக்கான ‘லைட்’ வகையில் இருப்பது நிறமற்ற மெல்லிய பாலிமர் பூச்சு. படத்தை இடவலம் மாற்றி அச்சடித்து, துணிமேல் கவிழ்த்து அழுத்தினால் பூச்சு இளகி, மையோடு நூலில் பிடித்துக்கொள்கிறது. மாற்ற மறந்தால் ‘கொடைக்கானல்’ என்ற எழுத்தைக் கண்ணாடியில்தான் படிக்க முடியும்.

“அப்ப கறுப்புல போட முடியாதாண்ணே?” என்றான் பையன்.

முடியும். அதற்கு ‘டார்க்’ பேப்பர் வேண்டும். இதில் வெள்ளைப் படலம் தாளிலேயே இருக்கிறது. படத்தை நேராகவே அச்சடித்து, ஓரம் வெட்டி, பின்தாளை உரித்து, படம் மேலே தெரியும்படி வைத்து, அதன்மேல் பட்டர் பேப்பர் போட்டு அழுத்துகிறார்கள். கடைக்காரர் கத்தரிக்கோலால் நான்கு மூலைகளையும் வளைத்து வெட்டினார். கூரான மூலைதான் துவைக்கும்போது முதலில் கிளம்புமாம். நிறம் பளிச்சென்று வந்தது. ஆனால் தொட்டுப் பார்த்தால் நெஞ்சில் ஸ்டிக்கர் ஒட்டியதுபோல் தடிப்பு. அந்த இடத்தில் காற்றும் புகாது.

லேசர் பிரிண்டருக்குத் தாள் வேறு. டோனரை உருக்கி ஒட்டவைக்கும் உருளை அதற்குள் சூடாகச் சுழல்கிறது. இங்க்ஜெட் தாளை அதில் விட்டால் பூச்சு உருகி உருளையில் ஒட்டிக்கொள்ளும். பிரிண்டருக்கே செலவு வைத்துவிடும். சப்ளிமேஷன் தாளின் கதை இன்னொரு விதம். அதிலுள்ள சாயம் சூட்டில் ஆவியாகி பாலியெஸ்டர் இழைக்குள் இறங்குகிறது. நூறு சதவீதப் பருத்தியில் அது தங்காது.

சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் மலை ஈரமும் ஒரு தலைவலி. பருத்தி ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். அதனால் படம் வைப்பதற்கு முன் வெறும் டிஷர்ட்டைச் சில விநாடிகள் பிரஸ்ஸில் அழுத்தி ஆவி போக்குகிறார்கள். தாள் கட்டைப் பிரித்ததும் மீதியைக் காற்றுப் புகாத உறையில் போட்டுவிடுகிறார்கள். பிறகு பொதுவாக 180 முதல் 190 டிகிரி செல்சியஸ் சூட்டில் அரை நிமிடத்துக்குள் வேலை முடிகிறது. சில தாள்களைச் சூட்டோடு உரிக்க வேண்டும், சிலவற்றை ஆறவிட்டு. உறையில் அச்சிட்டிருக்கும் குறிப்பே இதற்குச் சட்டம்.

தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடக்கும் பாதயாத்திரைக் குழு ஒன்று ஒரே படத்தில் நூறு டிஷர்ட் கேட்டால் இந்தத் தாள் கட்டுப்படியாகாது. அதற்கு ஸ்கிரீன் பிரிண்டிங்தான் லாபம். இப்போது டி.டி.எஃப் பிலிமும் வந்துவிட்டது. வெள்ளை மை, உருகி ஒட்டும் தூள் இரண்டும் இருப்பதால் எந்த நிறத் துணியிலும் படம் நிற்கிறது. ஆனால் அதற்கான இயந்திரம் விலை அதிகம். ஒரே ஒரு படம், பஸ் கிளம்புவதற்குள் வேண்டும் என்பவர்களால்தான் ஏரிச் சாலையில் டிரான்ஸ்பர் பேப்பர் இன்னும் ஓடுகிறது.

நீங்களும் வாங்குவதானால் முதலில் துணியைத் தேர்ந்தெடுங்கள். தாளை அதுவே முடிவு செய்யும். ஒரு நாள் கழித்து, உள்புறம் வெளியே வரும்படி திருப்பி, குளிர்ந்த நீரில் துவையுங்கள். படத்தின் மேல் அயர்ன் பாக்ஸ் வைக்காதீர்கள்.