சுமப்போர் பெயர்

திரைப்படம் என்றவுடனே நம்மவர் நினைவுக்கு வருவன நடிகரின் முகமும், பாட்டும், இயக்குநரின் பெயருமேயாம். அம்முகத்தின்மீது விழும் வெளிச்சம் எவ்வழியே வந்து சேர்ந்தது, அவ்விளக்கைத் தூக்கி இறக்கிய கை எவருடையது என்று கேட்பார் மிக அரியர். ஓய்வு நாட்களில் சிறு படங்கள் எடுத்துப் பழகும் ஒரு நண்பர் கூட்டத்தோடு சில ஆண்டுகளாக நாம் திரிந்து வருகிறோம். கூலி இல்லை, கம்பெனி இல்லை. இருப்பது ஆசையும் ஒரு பழைய பிக்கப் லாரியுமே. அந்த லாரியைப் பற்றியே இங்கு எழுதப் புகுந்தோம்.

சினிமா பிறந்த நாள்முதலே சுமையோடு பிறந்த கலை. 1905-ஆம் ஆண்டில் திருச்சிராப்பள்ளியில் ரெயில்வேயில் வேலை பார்த்த சாமிக்கண்ணு வின்சென்ட், ஒரு பிரெஞ்சுக்காரரிடம் படம் காட்டும் கருவியை விலைக்கு வாங்கினார். அதனையும் கூடாரத்தையும் ஊர் ஊராகக் கொண்டு சென்று மக்களுக்குக் காட்டினார். இம்மண்ணில் 1946-இல் ஏற்பட்ட மலாயன் பிலிம் யூனிட்டின் படங்களும் வண்டியேறியே சிற்றூர்களுக்கும் தோட்டங்களுக்கும் வந்தன. திடலில் திரை கட்டினார்கள். ஜனங்கள் தரையில் அமர்ந்து பார்த்தார்கள். சக்கரம் இன்றேல் அன்று சினிமா நம்மை எட்டியிராது.

நமது லாரியின் உடைமையாளர் பிரிக்பீல்ட்ஸ் வாசி. வாரநாட்களில் மின்கம்பி இணைக்கும் தொழிலுக்கு அதனைக் கொண்டு செல்வார். ஞாயிற்றுக்கிழமை நமக்காக ஓட்டுவார். முன்னே ஐவர் அமரலாம். பின்னே திறந்த தட்டில் ஏறத்தாழ ஒரு டன் பாரம் ஏற்றலாம். ஏற்றுவதிலும் ஒரு சாஸ்திரம் உண்டு என்பதை அவரிடமே கற்றோம். கனமான ஜெனரேட்டர் முன்னறையை ஒட்டி நிமிர்ந்து நிற்க வேண்டும். கடைக்கோடியில் வைத்தால் வண்டியின் முன்பக்கம் இலேசாகித் திருப்பத்தில் பிடி தளரும். அதன் பக்கத்தில் விளக்குத் தாங்கிகள். மேலே வெளிச்சத்தைத் திருப்பும் வெள்ளைப் பலகைகள். அனைத்தையும் மூடித் தார்ப்பாய். குறுக்கும் நெடுக்கும் கயிறு. காமிராவும் ஒலிவாங்கியும் மட்டும் முன்னறையில், ஒருவர் மடிமீது, கைக்குழந்தைபோல் வரும். குலுக்கலும் கிள்ளான் பள்ளத்தாக்கின் மாலை மழையும் அவற்றுக்குப் பகை.

விளக்குத் தாங்கி சாயாமலிருக்க அதன் காலில் மணல் மூட்டை வைக்க வேண்டும். நம் நண்பர் மணலைச் சுமக்க விடுவதில்லை. வெற்றுச் சாக்குகளை மடித்துக் கொண்டுபோய், போன இடத்திலே நிரப்பி, வேலை முடிந்ததும் எடுத்த இடத்திலேயே கொட்டிவிட்டு வருவார். ஜெனரேட்டரின் இரைச்சல் வசனத்தைக் கெடுத்தபோது, அதனை நெடுந்தூரத்தில் இறக்கி, லாரியையே இடையில் நிறுத்திச் சுவராக்கியவரும் அவரே. இவை எந்தக் கலைக்கூடத்திலும் அவர் படித்தவையல்ல, உழைத்துக் கண்டவை.

பிரிக்பீல்ட்ஸிலிருந்து கிள்ளானுக்குச் சுமார் 30 கிலோமீட்டர். கூட்டரசு நெடுஞ்சாலையில் போகும்போது இருமருங்கும் மாடிகளும் கடைகளுமே தென்படுகின்றன. ஆயினும் இன்று சுபாங் ஜெயா என்று நாம் அழைக்கும் நகரம் சீபீல்ட் தோட்டத்தின்மீது எழுந்தது. ஷா ஆலம் சுங்கை ரெங்கம் தோட்டம் இருந்த நிலம். பால்மரம் நின்ற மண்ணின்மேல் ஓடுகிறோம் என்பதை அறியாமல் நம் இளைஞர் ஓடுகின்றனர். தோட்டங்கள் விற்கப்பட்ட நாட்களில், கட்டிலும் பாத்திரமும் கோழிக்கூடும் ஏறி, லயத்து வீடுகளை விட்டு நம்மவர் வெளியேறியதும் லாரிகளில்தான்.

அந்த லாரித் தட்டில் நம் முன்னோர் ஏறியதும் சுமையாகவே. பால்வாளியோடு வாளியாக நின்றுகொண்டு வேலைக்காட்டுக்குச் சென்றனர். வண்டியில் எவர் அமர்வது, எவர் நிற்பது, எவர் இறங்குவது என்பதில் ஒரு சமூகத்தின் மானமே அடங்கியிருக்கிறது. 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது கேட்டவை கூலி உயர்வும் கள்ளுக்கடை ஒழிப்பும் மட்டுமோ? துரையைக் கண்டதும் சைக்கிளை விட்டு இறங்க வேண்டும் என்ற இழிவு ஒழிய வேண்டும் என்றும் கேட்டனர். ஆகவே நம் கூட்டத்தில் ஒரு கட்டுப்பாடு உண்டு: ஓடும் லாரியின் தட்டில் மனிதர் ஏறுதல் கூடாது. இடம் போதாவிடில் சிலர் ரெயிலில் வருவர்.

இத்தகைய நண்பரை ஒருமுறை வேறொரு கூட்டத்தார் உதவிக்கு அழைத்தனர். மூன்று நாள் வண்டி ஓட்டினார், விளக்குக் கட்டினார், பெட்ரோலும் தம் காசில் ஊற்றினார். படம் திரையிடப்பட்டபோது நன்றி கூறப்பட்டோர் வரிசையில் தேநீர் வாங்கித் தந்தவர் பெயர்கூட இருந்தது. அவர் பெயர் இல்லை. நாம் கேட்டோம். “லாரிக்காரர்தானே” என்று விடை வந்தது.

தோழர்களே, இச்சொல் எங்கிருந்து வந்தது? கையால் உழைப்பவன் தாழ்ந்தவன், ஏவுகிறவன் உயர்ந்தவன் என்ற பழைய நோய் கப்பலேறி நம்மோடு வந்தது. தோட்டத்தில் கங்காணியாயும் கிராணியாயும் நின்றது. தோட்டம் அழிந்த பின்னும் தான் அழியாமல், இப்போது காமிராவின் பின்னால் வந்து நிற்கிறது. சமத்துவம் பேசும் படத்தை எடுப்பவரே சுமப்பவரைக் கடைசியில் உண்ணச் சொல்வாராயின், அப்படம் யாருக்கு அறிவு புகட்டும்?

நம்மவர் கதையை நம்மவரே சொல்லும் முயற்சி இந்நாட்டில் எளிதாக வந்ததன்று. தீபக் குமரன் மேனனின் ‘செம்மண் சாலை’ 2005-இல் ரப்பர் தோட்டத்து வாழ்வைக் காட்டிற்று. அவரே பிரிக்பீல்ட்ஸைக் களமாக்கிச் ‘சலங்கை’ எடுத்தார். தோட்டத்தை இழந்தோரின் பிள்ளைகளைப் பற்றிய சஞ்சய் குமார் பெருமாளின் ‘ஜகாட்’ 2015-இல் வெளிவந்தது. மறு ஆண்டு, மலாய்மொழி அல்லாத படங்களுக்குத் தனிப்பிரிவு ஏன் என்ற கிளர்ச்சிக்கிடையே, சிறந்த மலேசியப் படம் என்ற விருதைப் பெற்றது. மொழியால் நம்மைத் தனி வரிசையில் நிறுத்தலாகாது என்று உரிமை கேட்கும் நாம், தொழிலால் நம் தோழனைத் தனி வரிசையில் நிறுத்துவது எவ்வகையில் நியாயம்?

ஆகவே சிறு படம் எடுக்கப் புறப்படும் இளைஞர்க்கு நாம் சொல்வது இது. காமிரா வாங்குமுன் கயிறு கட்டப் பழகுங்கள். இயக்குநராயினும் நடிகையாயினும் ஏற்றும்போது ஒரு கையும் இறக்கும்போது ஒரு கையும் கொடுங்கள். பெட்ரோல் செலவைப் பங்கிடுங்கள். ஒரே பாயில் அமர்ந்து உண்ணுங்கள். படத்தின் முடிவில் பெயர்கள் எழுதும்போது, வண்டி ஓட்டியவர், சுமை தூக்கியவர் பெயர்களை மற்றவர் பெயரளவு எழுத்திலேயே எழுதுங்கள். இதற்குப் பணம் வேண்டுவதில்லை. மனம் ஒன்றே போதும்.