இரு சீசா ஓடிகொலோன்

எங்கள் வீட்டில் ஓடிகொலோன் என்பது வாசனைத் திரவியங்களோடு சேர்த்து எண்ணப்பட்டதே இல்லை. மிளகு, திப்பிலி, தெர்மாமீட்டர் ஆகியவற்றோடு அதுவும் ஜுர காலத்துச் சாமான்களுள் ஒன்றாகவே இருந்து வந்தது. பீரோவின் மேல்தட்டில், பச்சைக் கற்பூர டப்பாவுக்கும் அத்தையின் பட்டுப் புடவைகளுக்கும் நடுவே வாசம் செய்த அந்தச் சிறு சீசாவை, யாருக்கேனும் உடம்பு அனலாகக் கொதித்தாலன்றி அத்தை வெளியே எடுப்பதில்லை. எடுத்தாலும், வெண்கலக் கிண்ணத்துத் தண்ணீரில் எண்ணி நாலே சொட்டு விட்டு, பழைய மல் துணி ஒன்றை அதில் நனைத்துப் பிழிந்து நெற்றியில் போட்டுவிட்டு, சாவிக்கொத்தை மறுபடியும் இடுப்பில் செருகிக்கொண்டு போய்விடுவாள். அந்தத் துணி நெற்றியில் பட்ட க்ஷணத்தில் எலுமிச்சைத் தோலும் ஏதோ பெயர் தெரியாத பூவும் கலந்ததொரு குளிர்ச்சி கண்ணுக்குள் இறங்கும். பள்ளிக்கூடம் போகாமல் இருப்பதற்காக மட்டுமன்றி, இந்தச் சுகத்துக்காகவும் ஜுரம் வரட்டும் என்று நான் பிரார்த்தித்தது உண்டு.

சென்ற ஆண்டு, அக்கினி நட்சத்திரம் தொடங்குவதற்கு இரண்டு நாள் முன்பு, ஜெர்மனி தேசத்துக் கொலோன் நகரத்தில் உத்தியோகம் பார்க்கும் என் தங்கை மகன் திருச்சிக்கு வந்தவன், இரண்டு சீசாக்களை என் மேஜைமேல் வைத்தான். ஒன்றில் நீலமும் பொன்னும் கலந்த லேபிளில் 4711 என்ற எண். மற்றொன்றில் ஃபரீனா என்ற பெயரும் சிவப்பு ட்யூலிப் மலர் முத்திரையும். “ரெண்டும் ஒரே ஊர்த் தண்ணிதான் மாமா. வெயிலுக்கு எது ஒசத்தின்னு நீங்கதான் சொல்லணும்” என்றான். பிரெஞ்சு மொழியில் ஓடிகொலோன் என்பதற்குக் ‘கொலோன் தண்ணீர்’ என்றுதான் அர்த்தம் என்பதை நான் அன்றுதான் கவனித்தேன். ஐம்பது வருஷம் நெற்றியில் தாங்கிய பெயர், ஓர் ஊரின் பெயர் என்று தெரியாமலே தாங்கியிருக்கிறேன்.

அந்த ஊரில் அந்தத் தண்ணீர் பிறந்த கதையைச் சொல்லாமல் இந்த ஒப்பீட்டில் இறங்க முடியாது. இத்தாலியின் பீட்மாண்ட் பிரதேசத்து மலைக் கிராமமான சாந்தா மரியா மஜோரேயில் 1685ஆம் ஆண்டு பிறந்த ஜோவான்னி மரியா ஃபரீனா என்பவர் தம் சகோதரருக்கு 1708இல் எழுதிய கடிதமொன்றில், மழை விட்ட பின் வரும் இத்தாலிய வசந்தகாலக் காலைப்பொழுதையும், மலையில் மலரும் நார்சிசஸ் பூக்களையும், ஆரஞ்சுப் பூக்களையும் நினைவூட்டும் ஒரு பரிமளத்தைத் தாம் கண்டுபிடித்ததாகச் சொல்லியிருக்கிறார். மறு வருஷம் அவருடைய தமையனார் கொலோனில் பட்டு முதலிய ஆடம்பரச் சரக்குகளுக்காகத் தொடங்கிய கடையே, பிற்காலத்தில் இந்தத் தண்ணீரின் பிறப்பிடமாகப் பிரசித்தி பெற்றது. கஸ்தூரியும் புனுகும் மணத்த ஐரோப்பியப் பிரபுக்களின் சபைகளில், பழத்தோலும் பூவும் மட்டும் வாசனை வீசும் இந்த லேசான திரவம் எத்தகைய புதுமையாக இருந்திருக்கும் என்பதை, கல்யாணக் கூட்டத்தில் அத்தர் பூசிய நாலு பேருக்கு நடுவே கோடையில் உட்கார்ந்து பழகிய நாம் நன்றாகவே ஊகிக்கலாம்.

4711இன் சரித்திரம் சற்றுப் பிந்தியது, சுவாரசியத்தில் குறைந்ததன்று. வில்ஹெல்ம் ம்யூலென்ஸ் என்ற வியாபாரியின் விவாகத்துக்கு 1792இல் ஒரு கிறிஸ்தவத் துறவி இதன் செய்முறையைப் பரிசாக அளித்தார் என்பது கம்பெனியாரின் ஐதிகம். ஐதிகங்களை நான் வாசனையைப் போலவே பாவிக்கிறேன், அனுபவிக்கலாம், பிடித்து வைக்க முயலக் கூடாது. நிச்சயமான சங்கதி, ஃபரீனா என்ற பெயருக்கு இவரும் ஆசைப்பட்டார் என்பது. வாசனைக் குடும்பத்தோடு சம்பந்தமே இல்லாத வேறொரு ஃபரீனாவிடமிருந்து அந்தப் பெயரை உபயோகிக்கும் உரிமையை 1803இல் விலைக்கு வாங்கி, தாமும் உபயோகித்து, பிறருக்கும் விற்றார். நம் பக்கத்தில் ஓர் அல்வாக்கடை பெயரெடுத்துவிட்டால் அந்தத் தெருவிலுள்ள கடைகள் எல்லாம் ‘அசல்’ என்று பலகை மாட்டிக்கொள்வது போன்ற விவகாரந்தான். வியாஜ்யங்கள் பல தலைமுறை நடந்து, 1881இல் அந்தப் பெயரைக் கைவிட வேண்டியதாயிற்று. அப்போது கைகொடுத்தது வீட்டு எண். பிரெஞ்சுச் சேனை கொலோனைப் பிடித்திருந்த காலத்தில் நகரத்து வீடுகளுக்கெல்லாம் தொடர்ச்சியாக இலக்கமிட்டபோது, குளோக்கன்காஸே என்னும் மணித் தெருவிலிருந்த அவ்வீட்டுக்கு விழுந்த எண் 4711. படையெடுப்புக் காலத்தில் சுவரில் எழுதிய இலக்கம், பரம்பரைப் பெயரைக் காட்டிலும் அதிகத் தூரம் பிரயாணம் செய்திருக்கிறது.

பரீட்சைக்கு நான் தேர்ந்துகொண்டது நடுப்பகல் ஒரு மணி. வெளியே 41 டிகிரி. இடது மணிக்கட்டில் ஃபரீனா, வலது மணிக்கட்டில் 4711. முதல் நிமிஷத்தில் இரண்டும் ஒன்றே என்று சத்தியம் செய்திருப்பேன். ஏனெனில் அப்போது மூக்கில் ஏறுவது பெரும்பாலும் சாராய ஆவிதான். பிறகு மெல்லப் பிரிந்தன. ஃபரீனாவில் முன்னே நிற்பது பெர்கமாட். இத்தாலியின் தென்கோடியில் கலாப்ரியாக் கடற்கரையில் விளையும் அந்தப் பழம், நாம் தின்னும் ஆரஞ்சின் தித்திப்பும் எலுமிச்சையின் கூர்மையும் இன்றி, பழுத்த நாரத்தைத் தோலை நகத்தால் கீறினாற்போன்ற, பூவுக்குப் பக்கத்தில் நிற்கும் மணமுடையது. அதன் பின்னால் ஏதோ மிருதுவான ஒன்று திரைக்குப் பின் நிற்பவரைப் போல் நின்றுகொண்டே இருந்தது. 4711இலோ எலுமிச்சை பளிச்சென்று முன்னே வந்தது. அதன் தோள்மேல் ரோஸ்மேரியும் லாவெண்டரும் கொஞ்சம் பச்சிலைக் காரத்தோடு ஏறி வந்தன. கடைசியில் கசப்பு ஆரஞ்சுப் பூவிலிருந்து வடிக்கும் நெரோலி, அப்போதுதான் தோய்த்து உலர்த்திய துணியின் சுத்தத்தை நினைவூட்டியது. என் பேத்தியைக் கூப்பிட்டு இரண்டு கைகளையும் நீட்டினேன். “இந்தக் கை கல்யாண வீடு, இந்தக் கை குளிச்சுட்டு வந்த கை” என்று அவள் ஒரே மூச்சில் சொன்னாள். நான் மேலே எழுதியிருப்பதெல்லாம் அந்த வாக்கியத்துக்கு வியாக்கியானந்தான்.

முக்கால் மணி கழித்து வலது கையில் ஒன்றுமே இல்லை. இடது கையில், மூக்கை வைத்து அழுத்தினால், ஏதோ சொச்சம் இருந்தது. விலை கொடுத்து வாங்கியவன் இதற்காகத் துக்கப்படுவான். ஆனால் இந்தத் தண்ணீரின் தர்மமே அதுதான். நூற்றுக்கு 2 முதல் 5 பங்கு வரை வாசனைத் தைலம், மிகுதியில் பெரும்பகுதி சாராயம். சாராயம் ஆவியாகும்போது தோலின் வெப்பத்தையும் இழுத்துக்கொண்டு போகிறது. எலுமிச்சை இனத்துத் தைலங்களோ இயல்பிலேயே லேசானவை, சூடான தோலில் தங்கப் பிரியப்படாதவை. ஜூலை மாதத்து நடுப்பகலிலும் 25 டிகிரிக்கு அருகே நிற்கும் ஊரில் பிறந்த தண்ணீர், திருச்சி வெயிலில் அங்கு தங்கும் நேரம் தங்குமென்று எதிர்பார்ப்பது அதற்கு நாம் இழைக்கும் அநியாயம். தங்குவதற்கு நமக்கு வேர் இருக்கிறது. பானைத் தண்ணீரில் போட்ட வெட்டிவேர் மூன்று நாளானாலும் மணக்கிறது. அதன் தைலத்தை மேல்நாட்டார் தங்கள் செண்டுகளுக்கு அடித்தளமாக வைத்துக்கொண்டு, பெயரையும் நம்மிடமிருந்தே ‘வெட்டிவர்’ என்று எடுத்துப் போயிருக்கிறார்கள்.

ஒரு ஜாக்கிரதையையும் சொல்ல வேண்டும். பெர்கமாட் தைலத்தில் இயற்கையாக உள்ள பெர்காப்டென் என்ற வஸ்து, வெயில் பட்டால் தோலில் கறுப்புத் திட்டுக்களை உண்டாக்கக் கூடியது. இந்நாளில் அதை நீக்கிய தைலத்தையே பெரும்பாலும் சேர்க்கிறார்கள் என்றாலும், கழுத்தில் தடவிக்கொண்டு வெயிலில் இறங்குவதைவிடக் கைக்குட்டையில் விட்டுக்கொள்வது உத்தமம். ஓடிகொலோனைத் தோலுக்கு நேரே தராமல் துணிக்குத் தந்த அத்தைக்கு இந்த ரசாயனம் தெரிந்திருக்க நியாயமில்லை. சீசா சீக்கிரம் தீர்ந்துவிடும் என்ற ஒரே பயந்தான் அவளுக்கு.

என் தீர்ப்பைத் தங்கை மகனுக்கு எழுதும்போது வழவழவென்று எழுதினேன். உள்ளபடி சொன்னால், பரிமளம் என்ற அளவில் ஃபரீனாவே மேல். மாலையில் குளித்து, வெளுத்த வேஷ்டி உடுத்தி, காவேரிக் காற்று வருமா என்று திண்ணையில் உட்காரும்போது அதைத்தான் எடுக்கிறேன். ஆனால் பகல் பன்னிரண்டு மணிக்கு, மின்விசிறி நின்று போய், எழுதும் காகிதம் முழங்கையில் ஒட்டிக்கொள்கிற வேளையில், கை தானாக நீல லேபிளின் பக்கம் போகிறது. வந்தது, ஓர் அதட்டல் போட்டுத் தூக்கத்தைக் கலைத்தது, போய்விட்டது. அந்த வேளைக்கு அதற்குமேல் யாரும் வேண்டியதில்லை. அது அத்தையின் சீசாவுக்குக் கிட்டத்தில் இருப்பதால் நான் பக்ஷபாதம் செய்கிறேனோ என்ற சந்தேகமும் உண்டு. அத்தையின் சீசாவில் இருந்தது இவ்விரண்டும் அல்லாத ஏதோ ஒரு மூன்றாவது சரக்கு என்பதே என் எண்ணம்.

வைகாசிக் கடைசியில் பேத்திக்கு ஜுரம் கண்டது. டாக்டர் வந்து மருந்து கொடுத்துவிட்டுப் போன பிறகு, என் மனைவி கிண்ணத்தில் தண்ணீரும் கிழிந்த துண்டுமாக என் அறை வாசலில் வந்து நின்று, “அந்தச் சீசாவைக் கொஞ்சம் கொடுங்கோ” என்றாள்.

“எந்தச் சீசா?” என்று நான் விசாரித்தேன்.

“ஏதோ ஒண்ணு. எல்லாம் ஒரே வாசனைதானே” என்றாள் அவள்.

ஒரு மாதத்துப் பரீட்சை முழுவதையும் ஒரு வார்த்தையில் தள்ளுபடி செய்த அவளிடம் நீல லேபிளை எடுத்துக் கொடுத்தேன். அவள் மூடியைத் திருகிக்கொண்டே நடந்தபோது, நாலு சொட்டுக்கு மேல் விடாதே என்று பின்னாலிருந்து கூவினேன்.