பாரீசில் எந்தப் பேட்டையில் வீடு எடுப்பது?

சென்ற செப்டம்பரில் நானும் என் மனைவியும் பாரீசில் பதினெட்டு நாள் தங்கிவிட்டு வந்தோம். ஓட்டலும் இல்லை, சொந்தக்காரர் வீடும் இல்லை. விடுமுறைக்கு வருபவர்களுக்கு நாள் கணக்கில் விடும் சின்ன அபார்ட்மெண்ட் ஒன்றை எடுத்துக்கொண்டோம். நம்மூரில் பாரீசில் உறவு இல்லாத குடும்பம் குறைவு. போகிறவர்களும் இப்போது நம் வயதுக்காரர்கள்தான் அதிகம். எந்த இடத்தில் எடுத்தீர்கள், எப்படிப் பார்த்தீர்கள் என்று பலர் கேட்டதால் விவரமாகவே எழுதுகிறேன்.

முதலில் போன காரணம். என் அண்ணனுக்கு இப்போது வயது 84. 1962 ஆகஸ்டில் ஒப்பந்தம் அமலுக்கு வந்ததும், பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டுவோர் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்கலாம் என்றார்கள் அல்லவா, அப்போது எழுதிக் கொடுத்தவர். அப்பா எழுதிக் கொடுக்கவில்லை. சிறுவனான நான் அப்பாவோடு இந்தியனாகவே இருந்துவிட்டேன். அண்ணன் பட்டாளத்தில் சேர்ந்து சொல்தாவாகிப் போனார். நான் இங்கேயே பிரெஞ்சில் படித்து, சர்க்கார் ஆபீசில் ஆங்கிலத்தில் கோப்பு எழுதி ஓய்வு பெற்றேன். அண்ணி காலமான பிறகு அவரால் தனியாக இருக்க முடியவில்லை. மறதி நோய் வேறு. 12ஆம் வட்டாரத்தில் ஒரு முதியோர் இல்லத்தில் இருக்கிறார்.

அண்ணன் மகன் குடும்பத்தோடு சார்செல்லில் இருக்கிறான். பாரீசுக்கு வடக்கே உள்ள புறநகர். "சித்தப்பா, வீடு இருக்கும்போது எதுக்கு வாடகை? ஊர்ல என்ன நினைப்பாங்க?" என்று போனிலேயே கோபித்துக்கொண்டான். அவன் சொன்னதிலும் நியாயம் உண்டு. ஆனால் அங்கிருந்து பஸ், பிறகு ரயில், பிறகு நடை என்று அண்ணனிடம் போய்ச் சேர ஒன்றேகால் மணி நேரம். அண்ணன் தெளிவாக இருப்பது காலை ஒன்பதிலிருந்து பதினொன்று வரை. பிறகு தூங்கிவிடுவார். சாயங்காலம் கொஞ்சம் விழிப்பு வரும், கூடவே பயமும் வரும். அந்த இரண்டு வேளையும் நான் பக்கத்தில் இருக்க வேண்டுமென்றால், நடந்து போகும் தூரத்தில் வீடு வேண்டும். என் மனைவிதான் வழி சொன்னாள்: "வாரக் கடைசியில ரெண்டு நாள் அவங்க வீட்ல இருப்போம், மத்த நாள் மாமாவுக்கு." மகனும் ஒத்துக்கொண்டான்.

பாரீஸ் நகரத்தில் இருபது வட்டாரங்கள் உண்டு. அரோந்தீஸ்மான் என்பார்கள். 1860இல் சுற்றியிருந்த கிராமங்களைச் சேர்த்தபோது வந்த கணக்கு. நடுவில் ஒன்றாம் எண்ணில் தொடங்கி, நத்தை ஓட்டைப் போலச் சுற்றிச் சுற்றி இருபது வரை போகும். அஞ்சல் குறியீட்டின் கடைசி இரண்டு இலக்கம்தான் வட்டாரத்தின் எண்: 75012 என்றால் பன்னிரண்டு. விளம்பரத்தில் "பாரீசின் மையத்தில்" என்று எழுதியிருந்தாலும் இந்த இரண்டு இலக்கத்தைப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும்.

நண்பர்கள் சொன்ன பேட்டைகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்தோம். லா ஷப்பேல் பக்கம் நம்மவர்களுக்குப் பிடித்த இடம். இலங்கைத் தமிழர் கடைகள், முருங்கைக்காய், கறிவேப்பிலை, இட்லி, பிள்ளையார் கோவில், சதுர்த்தியை ஒட்டித் தேர் எல்லாம் உண்டு. பிரெஞ்சு தெரியாதவர்கள் அங்கே தங்கினால் ஊரை விட்டு வந்த நினைப்பே வராது. ஆனால் நெரிசலும் சத்தமும் அதிகம். மோன்மார்த்ர் படத்தில் அழகு, ஆனால் குன்று. எங்கு திரும்பினாலும் படிக்கட்டு. என் மனைவியின் முழங்கால் அதற்கு உதவாது. மாரேயும் சேன் ழெர்மேனும் நடந்து பார்க்க அருமையான இடங்கள். வாடகைதான் நம் பென்ஷனுக்கு எட்டாது. 13ஆம் வட்டாரத்தில் சீனர் கடைகளில் நல்ல அரிசியும் காய்கறியும் கிடைக்கும், வாடகையும் பரவாயில்லை. அண்ணனின் இல்லம் அந்தப் பக்கம் இருந்திருந்தால் அதையே எடுத்திருப்போம்.

கடைசியில் 12ஆம் வட்டாரத்தில், கார் த லியோன் ரயில் நிலையத்துக்கும் அலீக்ர் சந்தைக்கும் இடையில் ஒரு சின்ன தெருவில் முடிவு செய்தோம். அண்ணன் இருக்கும் இடத்துக்கு என் நடையில் எட்டு நிமிடம், மனைவியின் நடையில் பதின்மூன்று. சார்செல்லிலிருந்து வரும் ரயில் கார் த லியோனில் நிற்கும், ஆகவே பிள்ளைகளுக்கும் வசதி. 14ஆம் எண் மெத்ரோவும் அங்கே உண்டு. பாரீசின் பழைய மெத்ரோ நிலையங்களில் பெரும்பாலும் படிக்கட்டுதான். 1998இல் திறந்த அந்தப் பதினான்காம் எண்ணில் மட்டும் எல்லா நிலையத்திலும் லிஃப்ட் இருக்கிறது. முழங்கால் வலி உள்ளவர்கள் குறித்துக்கொள்ளுங்கள். மற்ற இடங்களுக்கு பஸ்ஸே மேல்.

விளம்பரம் படிப்பது ஒரு தனிக் கலை. நாற்பது வருஷம் கோப்பு படித்தவனுக்கு அது பழக்கமான வேலைதான். "கோக்கே" என்று வர்ணித்தால் அறை சிறியது. "கார்த்தியே விவான்", அதாவது உயிர்த்துடிப்புள்ள பேட்டை என்றால், இரவு ஒரு மணி வரை கீழே மதுக்கடையில் பேச்சு ஓயாது. "மெஸ்ஸானின்" என்றால் ஏணி வைத்து ஏறிப் படுக்க வேண்டும். "சான் அசான்சேர்" என்பதைச் சின்ன எழுத்தில் கடைசியில் போட்டிருப்பார்கள். லிஃப்ட் இல்லை என்று பொருள். ஐந்து, ஆறு மாடிப் பழைய கட்டடங்களில் இது சாதாரணம். "சூர் கூர்" என்றிருந்தால் மகிழுங்கள். வீடு தெருவைப் பார்க்காமல் உள்முற்றத்தைப் பார்க்கும், தூக்கம் நிச்சயம். எங்களுடையது இரண்டாம் மாடி, லிஃப்ட் உண்டு, சூர் கூர்.

இன்னொன்று, பதிவு எண். பாரீசில் இப்படி வாடகைக்கு விடுபவர்கள் முறைப்படி பதிந்து, அந்த எண்ணை விளம்பரத்தில் போட வேண்டும். தான் குடியிருக்கும் வீட்டை வருஷத்துக்கு 120 நாள் விடலாம் என்றிருந்ததை 2025 ஜனவரியிலிருந்து 90 நாளாகக் குறைத்துவிட்டார்கள். எண் இல்லாத விளம்பரத்தை நான் தொடவில்லை. கெடுபிடி என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. விருந்தாளிக்கு விட்டால் ஒரு வாரத்தில் கிடைப்பது குடித்தனக்காரருக்கு விட்டால் ஒரு மாதத்துக்குக் கிடைக்கும் என்றால், குடித்தனக்காரர் எங்கே போவார்? நம் வெள்ளைக்காரத் தெருக்களில் நடந்தால் தெரியும். திண்ணையில் ஆள் உட்கார்ந்திருந்த வீடுகளில் இப்போது பலகை தொங்குகிறது. சனி ஞாயிறு கூட்டம், திங்கட்கிழமை பூட்டு. அதனால் நாங்கள் அந்தக் கட்டடத்தில் இருந்தவரை மாடிப்படியில் பார்த்தவர்களுக்கெல்லாம் "போன்ழூர்" சொன்னோம். பெட்டியைக் கல் முற்றத்தில் உருட்டாமல் தூக்கிக்கொண்டே போனோம். மூன்றாம் மாடி மதாம் முதல் நாள் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நாலாம் நாள் குப்பைத் தொட்டி எந்த நிறத்துக்கு எது என்று காட்டிக் கொடுத்தார்.

எங்கள் நாள் இப்படிப் போனது. காலையில் காப்பி போட்டு பிளாஸ்கில் ஊற்றிக்கொண்டு அண்ணனிடம். பதினொன்றுக்குத் திரும்பும்போது அலீக்ர் சந்தையில் கொத்தமல்லி, புதினா, கத்தரிக்காய். திங்கட்கிழமை சந்தை கிடையாது. மத்தியானம் சமையல், தூக்கம். பிறகு மனைவியைக் கூட்டிக்கொண்டு பழைய ரயில் பாலத்தின் மேல் போட்டிருக்கும் தோட்டத்தில் கொஞ்சம் நடை. அந்த ரயில் 1969இல் நின்றுபோனது. இப்போது அதன் மேல் ரோஜாவும் மூங்கிலும் வளர்கின்றன. ஆறு மணிக்கு மறுபடி அண்ணன்.

பக்கத்தில் இருந்ததன் பலன் மூன்றாம் நாளே தெரிந்தது. அண்ணனுக்குப் பிரெஞ்சு மெல்லப் போய்க்கொண்டிருக்கிறது. பிரெஞ்சில் ஆணை வாங்கி, பிரெஞ்சில் சண்டை போட்டு, பிரெஞ்சில் பன்சியோன் வாங்கியவர். சாயங்காலமானால் இப்போது முத்தியால்பேட்டைத் தமிழ் மட்டும்தான் வருகிறது. தண்ணி கேட்கிறார், யாருக்கும் புரியவில்லை. புரியாததால் கோபம் வருகிறது. கோபம் வந்தால் மாத்திரை. மகன் தினமும் வர முடியாது, வேலை. அன்று இரவு எட்டரை மணிக்கு அங்குள்ள தாதி எனக்குப் போன் செய்தாள். எட்டு நிமிடத்தில் போய்ச் சேர்ந்தேன். கால் வலிக்கிறது என்றுதான் அத்தனை நேரமும் சொல்லிக்கொண்டிருந்தார். சார்செல்லில் இருந்திருந்தால் மறுநாள் காலையில்தான் எனக்கே தெரிந்திருக்கும்.

மறுநாள் ஒரு தாளில் இருபது சொற்களை எழுதிக் கொடுத்தேன். தண்ணி, பசி, வலி, குளிருது, தூக்கம், ஒண்ணுக்கு, போதும், வா. பக்கத்தில் பிரெஞ்சு எழுத்தில் உச்சரிப்பு, அதற்கு நேரே பொருள். தாதிகள் அதைக் கட்டில் தலைமாட்டில் ஒட்டி, என்னை வைத்துக்கொண்டே படித்துப் பழகினார்கள். ஆப்பிரிக்காவிலிருந்து வந்த ஒரு பெண் "பசிக்குதா?" என்று கேட்டபோது அண்ணன் அவளை நிமிர்ந்து பார்த்து, "நீ எந்த ஊரு?" என்றார்.

ஆகவே என்னிடம் கேட்பவர்களுக்கு ஒரே பதில். ஐஃபல் கோபுரத்துக்கு எவ்வளவு தூரம் என்று பார்க்காதீர்கள். அதற்கு ஒரு தடவைதான் போவோம், பஸ் இருக்கிறது. தினமும் எங்கே போகப் போகிறீர்களோ, அந்த இடத்தைச் சுற்றி ஒரு வட்டம் போடுங்கள். வீட்டில் யாருடைய கால் மிகவும் வலிக்குமோ, அவரது நடையில் பதினைந்து நிமிடம்தான் அந்த வட்டத்தின் அளவு. பிறகு லிஃப்ட், சந்தை, பதிவு எண்.

போன வாரம் மகன் போன் செய்தான். தாள் இன்னும் தலைமாட்டில்தான் இருக்கிறதாம். தாதிகள் தாங்களே கீழே ஒரு சொல்லைச் சேர்த்திருக்கிறார்களாம்: "காப்பி".