செவிட்டுக் கார்

சேலத்திலிருந்து தெற்கே பிரயாணம் செய்கிறவர்கள் நாமக்கல் வந்துவிட்டதைக் கண்ணால் காண்பதற்கு முன்பே காதால் தெரிந்துகொள்ளலாம். லாரிகளுக்குப் பாடி கட்டும் பட்டறைகளில் தகரத்தின்மேல் சம்மட்டி விழும் ஓசை ஒரு பக்கம். டீஸல் என்ஜின்களின் கடகடப்பு இன்னொரு பக்கம். அந்தக் கடகடப்பு டீஸலுக்குப் பிறவிக் குணம். காற்றை அழுத்திச் சூடாக்கி, அதிலே எண்ணெயைப் பீய்ச்சி, தானாகவே பற்றிக்கொள்ளும்படி விடுகிற யந்திரம் அது.

பெட்ரோல் என்ஜினோ நாகரிகமானது. பிளக் பொறி விட்ட பிறகுதான் அதில் நெருப்புப் பிடிக்க வேண்டும். பிடித்த நெருப்பும் ஒழுங்காகப் பரவ வேண்டும். நெருப்பு வந்து சேருவதற்குள் மூலையிலுள்ள கலவை பொறுமையிழந்து தானே வெடித்துவிட்டால், உள்ளேயிருந்து யாரோ சுத்தியால் தட்டுவது போலக் கேட்கும். இதற்குத்தான் ‘நாக்கிங்’ என்று பெயர். கவனியாமல் விட்டால் பிஸ்டனையே பழுதாக்கிவிடும்.

இந்தத் தட்டலை அடக்க மனிதன் கண்ட வழிகளில் ஒன்று விபரீதமானது. 1921-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் தாமஸ் மிட்ஜ்லி என்பவர், பெட்ரோலில் ஈயம் சேர்ந்த ஒரு திரவத்தைக் கலந்தால் தட்டல் நிற்கிறது என்று கண்டார். என்ஜின் வாயை மூடிக்கொண்டது. ஆனால் ஈயம் புகையோடு வெளியே வந்து குழந்தைகளின் மூளைக்குக் கேடு செய்தது. நம் நாட்டில் அந்தப் பெட்ரோலுக்கு 2000-ஆம் ஆண்டில்தான் விடை கொடுத்தோம்.

இன்னொரு வழி, என்ஜினின் வாயைப் பொத்தாமல் அதற்கு ஒரு காதை வைப்பது. அதுதான் நாக் சென்சார். பல கார்களில் அது மெதுவடை மாதிரி நடுவில் ஓட்டையுள்ள சிறு வளையம். ஓட்டையில் போல்ட்டைச் செலுத்தி என்ஜின் பிளாக்கோடு இறுக்கியிருப்பார்கள். உள்ளே ஒரு பீங்கான் வில்லை. அழுத்தினால் மின்சாரம் தரும் பொருள்கள் உண்டென்று கியூரி சகோதரர்கள் 1880-இல் கண்டார்கள் அல்லவா? அந்த ஜாதியைச் சேர்ந்தது. தட்டலின் அதிர்வு வினாடிக்கு ஏறக்குறைய 6,000, 7,000 தடவை. அது பட்டதும் வில்லை துளி மின்சாரத்தை அனுப்பும். வண்டியின் கம்ப்யூட்டர் பொறியைச் சற்றுத் தாமதமாக விடும்; தட்டல் நின்றதும், மெல்லப் பழைய நிலைக்குக் கொண்டுவரும்.

அந்தக் காதே செவிடாகிவிட்டால்? எதற்கும் இருக்கட்டும் என்று கம்ப்யூட்டர் எப்போதும் பொறியைத் தாமதமாகவே விடுகிறது. வண்டி பிழைக்கும், சுறுசுறுப்பு போய்விடும்.

சென்ற வருஷம் கொல்லிமலைக்குப் போகையில் எங்கள் காருக்கு இதுதான் நேர்ந்தது. காரவள்ளியிலிருந்து மேலே 70 கொண்டை ஊசி வளைவுகள். 10-வது வளைவில் மஞ்சள் விளக்கு எரிந்தது. அதற்கப்புறம் கார் பள்ளிக்கூடம் போகும் பையனைப் போலத்தான் மலை ஏறிற்று. திரும்பி வரும்போது ஓர் ஊரில் (பெயர் வேண்டாம்), “என்ஜினைப் பிரிக்கணும்” என்றார்கள். தொகையைக் கேட்டதும் என் மனைவி, “நீங்கள் இன்னும் இரண்டு நாவல் எழுத வேண்டும்” என்றாள்.

நாமக்கல்லில் ஒரு பட்டறையைப் பற்றிச் சொன்னார்கள். பட்டறைக்காரருக்கு 60 வயதிருக்கும். உதவிக்கு அக்காள் மகன். பையன் ஸ்கேனரைச் சொருகிப் பார்த்துவிட்டு, “பி-0325, மாமா! நாக் சென்சார் போச்சு!” என்று உரக்கக் கத்தினான்.

“அப்படியா போட்டிருக்குது? முழுசாப் படி, கண்ணு.”

“நாக் சென்சார் சர்க்யூட்டுனு போட்டிருக்குது.”

“சர்க்யூட்டுனா வயரும் சேத்தித்தான். எலி வயரைக் கடிச்சதுக்குச் சென்சாரைத் தூக்குல போடுவியா?”

வார்த்தைகளை விற்றுப் பிழைக்கிறவன் நான். ஒரு வார்த்தையை விட்டுப் படித்தால் எவ்வளவு செலவாகும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

வயர் முழுவதையும் விரலால் தடவினார், கடிபடவில்லை. கப்ளரில் களிம்பு ஏறவில்லை. பிறகு சென்சாரோடு மீட்டரை இணைத்து, பக்கத்தில் பிளாக்கின்மேல் ஸ்பானரால் லேசாகத் தட்டினார். எண் அசையவில்லை. புதிய சென்சாரை மீட்டரில் மாட்டித் தட்டினார், எண் துள்ளிற்று. “இப்பச் சொல்லலாமுங்க, பழசு செவிடுன்னு” என்றார்.

சென்சார் உட்காரும் இடத்தைச் சுத்தமாகத் துடைத்தார். வாஷர் போடவில்லை, கிரீஸ் தடவவில்லை. பையன் பலங்கொண்ட மட்டும் போல்ட்டை இறுக்கப் போனான்.

“டேய், காதைத் திருகினாக் கேக்குமா? அழுகத்தான் செய்யும்.”

இறுக்கம் கூடினாலும் குறைந்தாலும் அந்தக் காது தப்பாகக் கேட்குமாம். எங்கள் வண்டிக்கு விதித்த 20 நியூட்டன் மீட்டர் அளவை டார்க் ரெஞ்சில் வைத்து, அது ‘டக்’ என்றதும் நிறுத்தினார். விளக்கு அணைந்தது, வண்டி பழையபடி இழுத்தது. செலவு, பிரிக்கச் சொன்னவர்கள் கேட்டதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை.

“காதாலேயே என்ஜின் நோயைச் சொல்லிவிடுகிற ஊராயிற்றே! நீங்கள் மீட்டரைப் போய் நம்புகிறீர்களே?” என்று கேட்டேன். பதில் வரவில்லை.

“மாமாவுக்குக் காது மந்தமுங்க. சத்தமாக் கேளுங்க” என்றான் பையன்.

உரக்கக் கேட்டேன். பாடி கட்டும் பட்டறையில் 20 வருஷம் தகரம் அடித்தாராம். “தீபாவளி வெடியே தூரமாத்தானுங்க கேக்குது. இதுக்கு மட்டும் எந்தக் கடையிலயும் ஸ்பேர் இல்லீங்க” என்று சிரித்தார்.

அப்போது பக்கத்துப் பட்டறையில் சம்மட்டி விழ ஆரம்பித்தது. அது அவருக்கு எப்படித்தான் தெரிந்ததோ, பையனைப் பார்த்துக் கையால் ஜாடை காட்டினார். கழுத்தில் தொங்கிக்கொண்டிருந்த காதுமூடியை எடுத்து அவன் மாட்டிக்கொண்டான்.