வெறுங்கோப்பை

பேசாலையிலுள்ள என் பெரியம்மா வீட்டில் இரவுச் சாப்பாட்டின்போது ஒரு கோப்பை மேலதிகமாக வைக்கப்படும். 2008இல் காணாமற்போன மகனுக்குரியது அது. சென்ற விடுமுறையில் உளவளத்துணையாளரான பெண்மணியொருவர் பெரியம்மாவைச் சந்திக்க வந்தார். பெரியம்மாவின் விருப்பப்படி நானும் உடனிருந்தேன். (இதனை எழுதவும் அவரிடம் அனுமதி பெற்றுள்ளேன்.)

படிவமும் கையுமாக வினாக்களைத் தொடுப்பார் என்றே எதிர்பார்த்தேன். வந்தவரோ பாயில் அமர்ந்து, தேநீர் அருந்தியவாறு, முற்றத்தில் காயும் கருவாட்டைப் பற்றி விசாரித்தார். அதனை வீண்பேச்சென்று நான் எண்ணியது என் அறியாமையே. உடுத்திருந்த விதம், விழிநோக்கு, குரலின் வேகம், எண்ணம் கோவையாகச் செல்கின்றதா என்பன யாவும் அப்பேச்சினூடே அவதானிக்கப்பட்டன. ஒருவர் தம் மனநிலையென்று சொல்வது ஒன்று. முகம் காட்டுவது பிறிதொன்றாகலாம்.

காலவுணர்வை அறியத் திகதி கேட்பது வழக்கம். பெரியம்மாவுக்குத் திகதி தெரியவில்லை. சோளகம் தொடங்கி எத்தனை நாளென்பது தெரிந்திருந்தது. வந்தவர் அதனையே விடையாக ஏற்றுக்கொண்டார்.

"மகன் வருவார் என்று நினைக்கிறீங்களா அம்மா?"

"வரமாட்டான் எண்டு ஆர் சொன்னது?"

தக்க சான்றுகள் எதிராக நின்றும் அசையாத தவறான நம்பிக்கையையே பிறழ்நம்பிக்கை என்பர். இங்கு சான்று எங்கே? 2018இல் மன்னார் நகரில் சதொச கட்டடத்துக்காகத் தோண்டிய நிலத்திலிருந்து முந்நூறுக்கு மேற்பட்டோரின் எலும்புகள் வெளிப்பட்டபோது பெரியம்மாவும் வேலிக்கு வெளியே போய் நின்றவர். சோதனைக்கு அனுப்பிய மாதிரிகள் கி.பி. 1404க்கும் 1635க்கும் இடைப்பட்டவையென 2019இல் அமெரிக்க ஆய்வுகூடமொன்று அறிவித்தது. அன்று அவர் அழுதார். ஆறுதலினாலா, ஏமாற்றத்தினாலா என்று நான் இன்றும் அறியேன். இத்தகைய நிலையைத் 'தெளிவற்ற இழப்பு' என்று பெயரிட்ட அமெரிக்க அறிஞர் பொலின் பொஸ், கோளாறு சூழ்நிலையிலேயே உள்ளது, மனிதரிடத்தன்று என்பார்.

பின்னர் உறக்கம், பசி பற்றிய வினாக்கள். அடுத்து, "செத்துப்போகலாம் என்ற எண்ணம் வந்ததுண்டா?" என்று நேரடியாகவே கேட்டார். நான் திடுக்குற்றேன். கேட்பதனால் அவ்வெண்ணம் விதைக்கப்படுவதில்லை, கேளாமல் விடுவதே ஆபத்து என்று பின்னர் எனக்கு விளக்கினார்.

"நான் செத்தா அவனுக்கு ஆர் பிள்ளை கதவு திறக்கிறது?" என்றார் பெரியம்மா.

இறுதியாக வந்தவர் கேட்டது, எங்கள் வீட்டார் எவரும் இத்தனை ஆண்டுகளில் கேட்டிராதது.

"அந்தக் கோப்பையில் சோறு போடுவீங்களா அம்மா?"

"இல்லைப் பிள்ளை. ஆளில்லாமச் சோறு போட்டா ஆறிப்போகும். வந்தாப்பிறகு சுடச்சுடப் போடலாம்."

அன்று வந்தவர் தம் குறிப்பேட்டைத் திறந்து எழுதியது அப்பொழுதுதான்.