சூடானா நிக்குற வண்டி

பழைய கார் வாங்கணும்னா பளபள பெயின்ட்டைப் பார்த்து மயங்கக்கூடாது. இது டிராவல்ஸ்ல டிரைவரா இருக்கிற எங்கப்பா சொல்லிக்கொடுத்த முதல் பாடம். அவரோட இருபது வருஷ ஆசை ஒரு பிரீமியர் பத்மினி. ஃபியட் 1100 வழியில வந்த வண்டி. 1089 சிசி, கார்புரேட்டர், ஸ்டீயரிங் பக்கத்துலயே கியர். மும்பையில பத்மினி டாக்ஸிகளோட காலம் 2023 அக்டோபர்ல முடிஞ்சுபோச்சு. அப்பாவோட ஆசை மட்டும் முடியல.

எனக்கு பிளேஸ்மென்ட் கிடைச்சதும், சேர்த்து வெச்ச பணத்தோட தஞ்சாவூர் பக்கம் ஒரு ஊருக்குப் போனோம். விற்கிறவங்க ஒரு பாட்டி. "சூடானா நின்னுடும் தம்பி. எஞ்சினையே பிரிக்கணும்னு மெக்கானிக் சொல்லிட்டார். அதான் 40,000-க்குத் தர்றேன்."

அப்பா கார்பெட்டைத் தூக்கி, துரு இருக்கான்னு ஸ்க்ரூ டிரைவரால தட்டிப் பார்த்தார். ஆயில் மூடிக்குள்ள மோர் மாதிரி வெளுத்திருந்தா தண்ணி கலந்திருக்கலாம். ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகப்படணும். நீலப் புகை வந்தா ஆயில் எரியுது. சேஸிஸ் நம்பர், எஞ்சின் நம்பர் ரெண்டும் ஆர்.சி.யோட ஒத்துப்போகணும். 15 வருஷம் தாண்டின வண்டிக்கு, 5 வருஷத்துக்கு ஒருமுறை ஆர்.சி. புதுப்பிச்சிருக்கணும். எல்லாம் சரியா இருந்துச்சு.

ஓட்டிப் பார்த்தோம். பாட்டி சொன்ன மாதிரியே பாதி வழியில நின்னுச்சு. பிளக் வயரைக் கழட்டிப் பார்த்தா ஸ்பார்க் நல்லா வருது. அப்போ பிரச்சினை பெட்ரோல்ல. குனிஞ்சு பார்த்தேன்: யாரோ பின்னாடி மாத்தின பெட்ரோல் பைப், எக்ஸாஸ்ட்டை ஒட்டியே போகுது. சூட்டுல பெட்ரோல் பைப்புக்குள்ளயே ஆவியாகிடுது. ஆவியை பம்பால சரியா தள்ள முடியாது. ஈரத் துணியைச் சுத்திட்டு கால் மணி நேரம் நின்னோம். சாவியைத் திருப்பினதும் ஸ்டார்ட் ஆயிடுச்சு.

சில நூறு ரூபா வேலை. சொல்லாம வாங்கிட்டா கேட்க ஆளில்லை. நான் அப்பா முகத்தையே பார்த்தேன். அவர் ஒண்ணும் பேசாம ஓட்டினார்.

வாசல்ல இறங்கினதும் சொன்னார்: "அம்மா, எஞ்சினுக்கு ஒண்ணுமில்ல. பைப்பைத் தள்ளிப் போட்டா போதும்."

பாட்டி ரொம்ப நேரம் வண்டியையே பார்த்துட்டிருந்தாங்க. "அவர் ஆசையா வாங்கினது தம்பி. ஓடும்னா நானே வெச்சுக்கறேன்."

பஸ்ல திரும்பி வரும்போது அப்பா ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "பைப்பை எந்தப் பக்கம் போடணும்னு அவங்களுக்கு எழுதிக் கொடுத்தியா?"

கொடுத்திருந்தேன்.

உங்க ஊர்ல யாராவது பத்மினி வித்தா சொல்லுங்க. சூடானா நிக்கும்னாலும் பரவாயில்ல.