பெயரிடுதல் ஓர் அமானிதம்



சானமாவைச் சுற்றியுள்ளோர் பலருக்கு ஓசூர்த் தொழிற்சாலைகளில் வேலை. நானோ வீட்டிலிருந்தபடியே பேஜ்களின் மரபணுக்களுக்குப் பெயர் எழுதுகிறேன். பாக்டீரியாவைத் தாக்கி அழிக்கும் வைரஸ்களுக்கே பேஜ் என்று பெயர்.

பெரும்பாலான பேஜ்களுக்குத் தலையும் வாலும் உண்டு. தலைக்குள் டி.என்.ஏ. இருக்கும், எந்தப் பாக்டீரியாவைப் பற்றுவது என்பது வால்நுனியில் உள்ள புரதங்களைப் பொறுத்தது. மருந்துகளுக்குக் கட்டுப்படாத கிருமிக்குப் பேஜைத் தேடும் மருத்துவருக்கு இம்மரபணுக்கள் எவை என்பது முக்கியமான செய்தி.

அவற்றைக் கண்டறிவது எளிதன்று. வால்நுனிப் புரதங்கள் விரைவாக மாறிவிடுவதால், தரவுத்தளத்தில் தேடினால் ஒத்தது கிடைப்பதில்லை. அப்போது அண்டை வீடுகளைக் கேட்டு ஒருவரின் முகவரியை அறிவதுபோல் மரபணுக்களின் வரிசையைப் பார்க்கிறோம். வழக்கமாகத் தலைக்குரியவை முடிந்தபின் வாலுக்குரியவை வரும். நீண்ட வாலுடைய பேஜ்களில், வாலின் நீளத்தை நிர்ணயிக்கும் ‘அளவுநாடா’ புரதத்தின் மரபணுவே பெரும்பாலும் எல்லாவற்றிலும் நீளமானது. லாம்டா பேஜில் அளவுநாடா மரபணு ‘எச்’. 853 அமினோ அமிலங்கள் கொண்டது. அதற்குச் சற்று முன்னே, ரைபோசோம் சிலமுறை ஓரெழுத்துப் பின்னகர்ந்து படிப்பதால், ஒரே இடத்திலிருந்து இரு புரதங்கள் உண்டாகின்றன. இந்த அமைப்பு வேறு பல பேஜ்களிலும் உண்டு. அளவுநாடாவுக்குப் பின்னே வால்நுனிப் புரதங்கள் வரும்.

சரியாக அறிந்த ஒரு வால் மரபணுவின் பயனைக் காணத் தொலைவு செல்ல வேண்டியதில்லை. எல்லைக்கு அப்பால் பெங்களூரில் உள்ள கங்காஜென் நிறுவனத்தார், ஸ்டாஃபிலோகாக்கஸ் கிருமியைத் தாக்கும் ‘கே’ பேஜின் 56ஆம் மரபணு, செல்சுவரைக் கரைக்கும் வால் புரதத்தைத் தருகிறது என்று 2011இல் வெளியிட்டனர். அதன் கரைக்கும் பகுதியை லைசோஸ்டாஃபினின் பற்றும் பகுதியோடு இணைத்தே ‘பி128’ என்னும் மருந்துப் புரதத்தை உருவாக்கினர்.

இப்போது என் திரையில் ஒரு மரபணு நிற்கிறது. அளவுநாடாவுக்குப் பின் நான்காவது இடம். ‘வால் இழை’ என்றெழுத இடம் தூண்டுகிறது. ஒத்த பதிவு ஒன்றே ஒன்று. அதன் பெயரும் வேறொரு பதிவிலிருந்து படியெடுத்ததே. புரதத்தின் வடிவக் கணிப்பும் துணைநிற்கவில்லை. ஆய்வகச் சான்றும் இல்லை. நான் பெயர் எழுதினால், நாளை இன்னொருவர் என்னைச் சான்றாகக் கொள்வார். அவரைச் சான்றாகக் கொண்டு பத்துப் பேர் எழுதுவர். எவரும் பார்த்திராத ஒன்றுக்குப் பன்னிரண்டு சாட்சிகள் உண்டாகிவிடுவர். அதை நம்பி ஒரு நோயாளிக்குப் பேஜைத் தேர்ந்தெடுப்பவரும் இருக்கக்கூடும்.

ஆகவே ‘செயல் அறியப்படாத புரதம்’ என்றே எழுதினேன். பார்வைக்கு அது தோல்வியின் சொல். ஆயினும் பெயரற்ற மரபணுவை யாரேனும் ஒருநாள் எடுத்து ஆராய்வர். தவறான பெயர் சூட்டப்பட்டதையோ, அறிந்தாயிற்று என்றெண்ணி எவரும் திரும்பிப் பார்ப்பதில்லை.